வைத்தியர் ஏன் கொள்ளைக்காரர் ஆனார்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

கடற்கொள்ளையர் படம் என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால், கதாநாயகனாக வருபவர் அநேகமாகக் கொள்ளைக்காரராக இருப்பதில்லை. 1926இல் வந்த ‘தி பிளாக் பைரேட்’ என்ற மௌனப் படத்தில் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஒரு பிரபு. தந்தையின் சாவுக்குப் பழிவாங்கவே கொள்ளைக் கூட்டத்தில் போய்ச் சேர்கிறார். 1935இன் ‘கேப்டன் பிளட்’டில் எரால் ஃபிளின் ஒரு மருத்துவர். 1940இன் ‘தி சீ ஹாக்’கில் அதே ஃபிளின், இங்கிலாந்து அரசியின் மறைமுக ஆசி பெற்ற கப்பல் தலைவர். 1965இன் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தில் எம்.ஜி.ஆர். மறுபடியும் வைத்தியர். அடுத்தவன் கப்பலைப் பறிப்பதே தொழில் என்று ஆசைப்பட்டுக் கடலுக்குப் போனவர் இந்த வரிசையில் ஒருவரும் இல்லை.

இந்த உரை எடுத்துக்கொண்ட கேள்வி அங்கிருந்துதான் கிளம்புகிறது. பாய்மரக் கயிற்றில் தொங்கி ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வீரனைப் பார்த்து மூன்று தலைமுறை கைதட்டியிருக்கிறது. கடல், கப்பல், வாள், புதையல் என்று அதற்குக் காரணங்கள் அடுக்கலாம். அத்தனையும் உண்மை. ஆனால் அவை கப்பல் தளத்தின் மேலே தெரிபவை. கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கதையைத் தாங்கும் கட்டை ஒன்று கிடக்கிறது: நாயகன் சட்டத்தை மீறுவதற்கு முன்பே சட்டம் நாயகனிடம் முறைதவறி நடந்துவிடுகிறது. அந்த ஒரு காட்சி முடிந்துவிட்டால் பிறகு அவன் எத்தனை கப்பலைக் கொளுத்தினாலும் பார்ப்பவர் மனம் உறுத்துவதில்லை.

‘கேப்டன் பிளட்’ கதைக்கு வேர் நிஜத்தில் உண்டு. 1685 ஜூன் மாதம், இரண்டாம் சார்லஸின் முறைப்படி பிறக்காத மகனான மன்மத் கோமகன், இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கரையில் இறங்கி அரியணைக்காகக் கலகம் செய்தார். ஜூலை 6ஆம் தேதி செட்ஜ்மூர் சண்டையோடு கலகம் முடிந்தது. பின்னாலேயே நீதிபதி ஜெஃப்ரீஸ் வந்தார். ஊர் ஊராக விசாரணை, ஊர் ஊராகத் தூக்கு. தூக்குக்குத் தப்பிய சுமார் 800 பேர் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கட்டாய வேலையாட்களாக அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ஹென்றி பிட்மன் என்ற அறுவை மருத்துவர். கலகக்காரர்களின் காயங்களுக்குக் கட்டுப் போட்டதுதான் அவர் செய்த குற்றம்.

பிட்மன் பார்படோஸ் தீவில் விற்கப்பட்டார். 1687இல் சிலரோடு சேர்ந்து ஒரு திறந்த படகில் தப்பினார். வழியில் ஆளில்லாத தீவொன்றில் ஒதுங்கியபோது கடலோடிக் கொள்ளையர் கூட்டம் எதிர்ப்பட்டது. தங்களோடு வரச் சொன்னார்கள், இவர்கள் மறுத்தார்கள், அவர்கள் படகைக் கொளுத்தினார்கள். நிஜ மருத்துவர் கொள்ளைக்காரராக ஆகவே இல்லை. ஊர் திரும்பி, 1689இல் தன் பாடுகளை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அந்த நூலில் அவரே கூசாமல் எழுதியிருக்கும் ஒரு தகவல் உண்டு. அந்தத் தீவில் கொள்ளையரிடமிருந்து ஒரு செவ்விந்தியரை 30 வெள்ளிக் காசு கொடுத்து அவர் வாங்கினார். விற்கப்பட்டவர் தப்பி வந்து, முதல் காரியமாக இன்னொரு மனிதரை விலைக்கு வாங்குகிறார்.

இத்தாலியத் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய ரஃபேல் சபாட்டினி, 1922இல் ‘கேப்டன் பிளட்’ நாவலை எழுதியபோது பிட்மனின் கதையை எடுத்துக்கொண்டார். அந்தச் செவ்விந்தியரை விட்டுவிட்டார். பிட்மன் மறுத்த வேலையை நாவலின் நாயகன் பீட்டர் பிளட் ஏற்றுக்கொண்டார். சாகசக் கதை பிறப்பதற்கு இந்த இரண்டு மாற்றங்களும் தேவைப்பட்டன.

சினிமாவுக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. 1934 நடுவிலிருந்து ஹாலிவுட்டில் ஒழுக்க விதித் தொகுப்பு கறாராக அமலுக்கு வந்தது. குற்றவாளியின் பக்கம் பார்வையாளரின் பரிவு சாயக் கூடாது என்பது அதன் அடிப்படை. அதே ஆண்டு எம்.ஜி.எம். எடுத்த ‘டிரெஷர் ஐலண்ட்’டும், ‘மான்டி கிறிஸ்டோ கோமான்’ கதையும் வசூலில் நன்றாகப் போக, வார்னர் சகோதரர்களுக்குக் கடல் ஆசை வந்தது. துப்பாக்கி தூக்கிய நகரத்துத் தாதாவைக் கதாநாயகனாக்கினால் வம்பு. 250 ஆண்டுகளுக்கு முந்தைய மருத்துவர், அதுவும் கொடுங்கோல் மன்னனால் வஞ்சிக்கப்பட்டவர் என்றால் தணிக்கைக்காரருக்கும் மறுக்க இடமில்லை. கடைசிக் காட்சியில் நல்ல மன்னர் அரியணைக்கு வந்துவிட்டார், மன்னிப்பும் வந்துவிட்டது என்று முடித்துக்கொள்ளலாம். விதியை மீறாமல் விதிமீறலை ரசிக்க இதைவிட நல்ல வழி அந்தக் காலத்தில் கிடைத்திருக்காது.

‘கேப்டன் பிளட்’ படம் உருவான விதமே ஒரு சாகசம்தான். நாயகனாக முதலில் ஒப்பந்தமானவர் ராபர்ட் டோனட். அவர் விலகிக்கொள்ள, டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் பிறந்த, யாருக்கும் பெயர் தெரியாத ஃபிளின் உள்ளே வந்தார். நாயகி ஒலிவியா டி ஹாவிலண்டுக்கு அப்போது 19 வயது. இயக்குநர் மைக்கேல் கர்ட்டிஸ். கடற்போருக்குச் சிறு மாதிரிக் கப்பல்களும், 1924இன் மௌனப் படமான ‘தி சீ ஹாக்’கிலிருந்து வெட்டி எடுத்த காட்சிகளும் பயன்பட்டன. வியன்னாவிலிருந்து வந்த எரிக் வுல்ஃப்காங் கோர்ன்கோல்டுக்கு இசையமைக்கக் கிடைத்தவை சில வாரங்களே. நேரம் போதாமல் வாள்சண்டைக்கு ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் இசையிலிருந்து ஒரு பகுதியைச் சேர்த்தார். அந்த உறுத்தலில், பெயர்ப் பட்டியலில் தன்னை ‘இசையமைப்பு’ என்று போடக் கூடாது, ‘இசைத் தொகுப்பு’ என்று போட்டால் போதும் என்று கேட்டுக்கொண்டார். கொள்ளைக்காரர் படத்தில் வேலை செய்தவர்களில் இத்தனை நேர்மையானவர் இருந்திருக்கிறார்!

அந்த வாள்சண்டையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாக் கடற்கரை மணலில் ஃபிளினும் பேசில் ராத்போனும் மோதுகிறார்கள். அமைத்தவர் பெல்ஜிய வாள் ஆசான் ஃப்ரெட் கேவன்ஸ். நிஜ வாள்வித்தையில் அசைவு சிறியதாக இருக்க வேண்டும். எதிரிக்கே தெரியக் கூடாது. கேவன்ஸ் அதைத் தலைகீழாக்கினார். ஒவ்வொரு வீச்சும் கடைசி பெஞ்சுக்காரருக்கும் புரியும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும், ஆனால் வாள் தெரிந்த கை பிடித்ததுபோலவும் இருக்க வேண்டும். இதில் வேடிக்கை, ராத்போன் உண்மையிலேயே தேர்ந்த வாள்வீரர். ஃபிளின் அப்படி இல்லை. ஆனாலும் தோற்க வேண்டியவர் ராத்போன்தான். திரையில் ராத்போன் ஒரு வாள்சண்டையில் வென்றது 1936இன் ‘ரோமியோ ஜூலியட்’டில், அதிலும் அடுத்த சண்டையிலேயே ரோமியோ கையால் செத்துப்போகிறார்.

உண்மையான கடற்கொள்ளையர் இப்படிச் சண்டை போட்டிருந்தால் ஒரு மாதத்தில் தொழிலைக் கட்டியிருப்பார்கள். அவர்கள் விரும்பியது சண்டையே இல்லாத கொள்ளை. கறுப்புக் கொடியை ஏற்றியதும் எதிர்க்கப்பல் பயந்து பாயை இறக்கிவிட வேண்டும். சரக்கும் சேதமாகாது, ஆளும் சாக மாட்டான்.

ஆனால் சினிமா கற்பனை செய்யாத, வரலாற்றிலேயே இருந்த கவர்ச்சி ஒன்று உண்டு: அவர்களுடைய ஒப்பந்தம். 1719 முதல் 1722 வரை அட்லாண்டிக்கைக் கலக்கிய பார்த்தலோமியூ ராபர்ட்ஸின் கப்பலில் எழுதப்பட்ட விதிகள், 1724இல் லண்டனில் வெளிவந்த கடற்கொள்ளையர் வரலாற்று நூலில் அச்சாகியிருக்கின்றன. முக்கிய விஷயங்களில் எல்லோருக்கும் வாக்கு. கப்பல் தலைவனுக்கு இரண்டு பங்கு. சாதாரணக் கடலோடிக்கு ஒன்று. அரசுக் கடற்படையிலோ வணிகக் கப்பலிலோ இந்த விகிதத்தைக் கனவிலும் காண முடியாது. காசு வைத்துச் சூதாடக் கூடாது. இரவு 8 மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். வாத்தியக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. இன்றைய சில அலுவலகங்கள் படித்துப் பார்க்கலாம்.

அவருக்கு முந்தைய தலைமுறைக் கரீபியக் கொள்ளையரோடு மருத்துவராகவே போய் வந்தவர் அலெக்ஸாண்டர் எக்ஸ்குவெமெலின். 1678இல் டச்சு மொழியில் வெளிவந்த நூலில் காயப் பணக் கணக்கை அவர் பதிந்து வைத்தார். வலது கை போனால் 600 வெள்ளிக் காசு அல்லது 6 அடிமைகள். இடது கைக்கு 500 அல்லது 5 அடிமைகள். ஒரு கண்ணுக்கு 100 அல்லது ஒரு அடிமை. ‘கேப்டன் பிளட்’ படத்தில் ஃபிளினின் ஆட்கள் இப்படியொரு ஒப்பந்தத்தை வாசித்து உறுதி எடுக்கும் எழுச்சியான காட்சி இருக்கிறது. காசுக் கணக்கு அங்கே வருகிறது. ‘அல்லது’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்த பாதி வரவில்லை. சங்கிலியிலிருந்து அப்போதுதான் விடுபட்டவர்கள் வாயில் அது எப்படி வரும்?

இங்கேதான் இந்தப் படங்களின் பெரிய ஓட்டை. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பார்படோஸிலும் ஜமைக்காவிலும் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பான்மையோர் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள். படத்தில் ஏலத்தில் நிற்பவரும் சவுக்கடி படுபவரும் ஆங்கிலேயர். அடிமைத்தனம் ஒரு கொடுமை என்று படம் சத்தமாகச் சொல்கிறது. அந்தக் கொடுமையை அதிகம் அனுபவித்தவர்களை ஓரத்தில் நிறுத்திவிட்டுச் சொல்கிறது. ரசிப்பதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு ரசிப்பது வேறு அனுபவம்.

சட்டம்தான் கொள்ளைக்காரரை உண்டாக்குகிறது என்ற கற்பனைக்கு மிக நெருக்கமான நிஜ வழக்கு வில்லியம் கிட் உடையது. கொள்ளையரைப் பிடிக்கவும் பிரெஞ்சுக் கப்பல்களைக் கைப்பற்றவும் அரச ஆணை பெற்று வந்தவர் அவர். 1698 ஜனவரியில் மலபார் கடலில், கொச்சிக்கு அருகே, ‘கேதா மெர்ச்சன்ட்’ என்ற கப்பலைப் பிடித்தார். ஆர்மீனிய வணிகர்கள் அமர்த்திய கப்பல்; அதில் பிரெஞ்சு அனுமதிச் சீட்டு இருந்தது. அந்தச் சீட்டின்படி கிட் செய்தது ஆணைக்கு உட்பட்ட காரியம். ஆனால் சரக்கில் முகலாய அவைப் பிரமுகருக்கும் பங்கு இருந்தது. முகலாயரின் தயவில் சூரத்தில் கடை விரித்திருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அவர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது. லண்டனில் விசாரணை நடந்தபோது சீட்டு கிட்டின் கைக்குக் கிடைக்கவில்லை. 1701 மே 23ஆம் தேதி தேம்ஸ் கரையில் தூக்கிலிட்டார்கள். முதல் முறை கயிறு அறுந்து விழுந்தது. இரண்டாம் முறை அறவில்லை. காணாமல்போன அந்தச் சீட்டு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு ஆவணக் காப்பகத்திலேயே கண்டெடுக்கப்பட்டது. தன் பீரங்கிக்காரனை வாளியால் அடித்துக் கொன்றவர் என்பதால் கிட்டை அப்பாவி என்று சொல்ல முடியாது. ஆனாலும் அரச ஆணை பெற்றவனையும் கொள்ளைக்காரனையும் பிரித்தது ஒரு தாள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்த இடத்திலிருந்து தமிழ்த் திரைக்கு வருவது தூரப் பயணம் இல்லை. பத்மினி பிக்சர்ஸ் சார்பில் பி.ஆர்.பந்துலு இயக்கிய ‘ஆயிரத்தில் ஒருவன்’, ‘கேப்டன் பிளட்’டின் தமிழ் வாரிசு. நெய்தல் நாட்டில் சர்வாதிகாரி ஆட்சி. காயம்பட்ட போராளிகளுக்கு மருந்து போட்ட வைத்தியர் மணிமாறன் அவர்களோடு சேர்த்துக் கன்னித்தீவுக்கு அடிமையாக அனுப்பப்படுகிறார். அங்கே பூங்கொடியாக ஜெயலலிதா; எம்.ஜி.ஆரோடு அவர் நடித்த முதல் படம் இது. கடலில் கொள்ளையர் தலைவனாக நம்பியார். சர்வாதிகாரியாக மனோகர். 1685இன் செட்ஜ்மூரிலிருந்து தழுவித் தழுவி வந்த கதை, 280 ஆண்டு கழித்துக் கார்வார் கடலில் பாய் விரித்தது.

பந்துலு இதை ஏன் எடுத்தார் என்று யோசிக்கும்போது அவருடைய முந்தைய படங்கள் கண்முன் வருகின்றன. 1959இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. 1961இல் ‘கப்பலோட்டிய தமிழன்’. அதில் வரும் வ.உ.சி. சட்டம் படித்த வக்கீல். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளையர் கம்பெனியோடு போட்டி போட்டவர். 1908இல் அதே சட்டம் அவரைச் சிறைக்கு அனுப்பியது. நல்ல மனிதர், கடல், கப்பல், அநியாயமான தீர்ப்பு, சங்கிலி. சாகசப் படத்துக்கு வேண்டிய எல்லாம் அந்த உண்மைக் கதையில் இருந்தது, ஒன்றைத் தவிர. வ.உ.சி. செக்கிழுத்துவிட்டு வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை. சிவாஜி கணேசன் உயிரைக் கொடுத்து நடித்தும் அந்தப் படம் முதல் வெளியீட்டில் வசூலாகவில்லை. நான்கே ஆண்டில் அதே இயக்குநர் அதே உணர்ச்சியை வண்ணத்தில் தோய்த்து, கற்பனை நாட்டில் வைத்து, கையில் வாளைக் கொடுத்தார். அடைபட்டவன் தப்பினான், தண்டித்தவன் மண்டியிட்டான். கூட்டம் கொட்டகையை நிறைத்தது. பந்துலு இப்படித் திட்டமிட்டார் என்பதற்கு ஆதாரம் தேட வேண்டாம். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே அக்காள் தங்கை என்று தெரியும்.

பிளட்டுக்கும் மணிமாறனுக்கும் வேறுபாடு உண்டு. பிளட் கோபத்தில் உலகத்தையே பகைத்துக்கொண்டு கொள்ளையில் இறங்குகிறார். தொழிலை ரசிக்கவும் செய்கிறார். மணிமாறன்மேல் கொள்ளைத் தொழில் வந்து விழுகிறது. அப்போது தி.மு.க.வின் முகங்களில் ஒருவராக இருந்த எம்.ஜி.ஆருக்கு, ஏழையிடமிருந்து ஒரு காசு எடுப்பதுபோன்ற காட்சி ஒத்துவராது. அதனால் கொள்ளையர் தலைவன் இரட்டைச் சுமை சுமக்கிறான்: வில்லத்தனமும் அவனுடையது, கொள்ளைத்தனமும் அவனுடையது. மணிமாறனுக்கு மிச்சமிருப்பது கப்பலும் விடுதலையும். கப்பல் தளத்தில் அடிமைகள் ஒன்றுகூடி விடுதலையைப் பாடும் பாடலை 1965இல் கேட்டவர்கள் நெய்தல் நாட்டை எந்த வரைபடத்திலும் தேடியிருக்க மாட்டார்கள். மொழிப் போர் நடந்து முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

இன்னொன்று, வாளுக்கு முன்னால் நடக்கும் வாய்ச்சண்டை. ஃபிளினும் ராத்போனும் ஓரிரு வாக்கியம் பேசிவிட்டு வாளை உருவிவிடுகிறார்கள். எம்.ஜி.ஆரும் நம்பியாரும் முதலில் கேள்வியும் பதிலுமாக மோதுகிறார்கள். யானை, சிங்கம் என்று ஒருவர் உவமை வீச, மற்றவர் அதைத் தட்டிவிட்டுத் தன்னுடையதைச் செருகுகிறார். எழுதியவர் ஆர்.கே.சண்முகம். நாடக மேடையில் வளர்ந்த பார்வையாளருக்கு அந்தச் சொற்போர்தான் முதல் சுற்று. அதில் தோற்றவன் வாளிலும் தோற்பான் என்று முன்கூட்டியே தெரியும். ராத்போனைப் போலவே நம்பியாருக்கும் தோற்பதே தொழில். சபரிமலைக்கு ஆண்டு தவறாமல் போய்வந்த பழுத்த சாமியார், திரையில் ஆயுள் முழுக்க வில்லனாகவே அறியப்பட்டார். நல்ல வில்லன் இல்லாமல் நாயகனின் வீரம் நிறம் பிடிக்காது என்பதை இருவரும் தங்கள் தோல்விகளால் நிரூபித்தார்கள். 2014 மார்ச்சில் இந்தப் படம் டிஜிட்டலில் மெருகேற்றி மறுபடி திரையிடப்பட்டபோது சென்னையில் வெள்ளிவிழா கண்டது.

வஞ்சிக்கப்பட்ட நல்லவர் மட்டுமல்ல, அசல் கொள்ளைக்காரர் ஒருவரே பார்வையாளரை வசியம் செய்ததற்கும் உதாரணம் உண்டு. 1950இல் டிஸ்னி எடுத்த ‘டிரெஷர் ஐலண்ட்’டில் ஒற்றைக்கால் லாங் ஜான் சில்வராக ராபர்ட் நியூட்டன். இங்கிலாந்தின் தென்மேற்கு வட்டார வழக்கை அவர் இழுத்து, உருட்டிப் பேசிய விதம்தான் இன்று உலகம் முழுக்கக் குழந்தைகள் ‘கொள்ளைக்காரர் குரல்’ என்று பேசிக்காட்டுவது. டோர்செட் மாவட்டத்தில் பிறந்த ஒரு நடிகரின் ஊர்ப்பேச்சு, ஒரு தொழில் வகுப்புக்கே தாய்மொழியாகிவிட்டது.

பிறகு இந்த வகைப் படம் படுத்துவிட்டது. 1986இல் ரோமன் போலன்ஸ்கியின் ‘பைரேட்ஸ்’ தோற்றது. 1995இல் ஜீனா டேவிஸ் நடித்த ‘கட்த்ரோட் ஐலண்ட்’, கிட்டத்தட்ட 10 கோடி டாலர் விழுங்கிவிட்டு அமெரிக்காவில் அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தந்தது. தயாரித்த கரோல்கோ நிறுவனம் திவாலானது. ஹாலிவுட் கடலையே மறக்க முடிவு செய்த நேரத்தில், 2003இல், 1967இல் திறக்கப்பட்ட ஒரு டிஸ்னிலேண்ட் படகுச் சவாரியை வைத்து ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ வந்தது.

அந்தப் படத்தில் பழைய சூத்திரத்தின்படி நாயகன் இருக்கிறார்: ஆர்லாண்டோ புளூம் நடித்த நேர்மையான கொல்லர். ஆனால் கூட்டம் பார்த்தது பக்கத்தில் தள்ளாடிக்கொண்டு நின்ற ஜானி டெப்பை. ராக் இசைக்கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸின் நடையையும் பேச்சையும் மனதில் வைத்து டெப் உருவாக்கிய ஜாக் ஸ்பாரோ ஓர் அசல் திருடன்; பொய்யன்; திருந்தும் எண்ணமும் இல்லை. இங்கே சொல்லப்பட்டுவரும் வாதத்துக்கு இது ஒரு சறுக்கல் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் அடுத்தடுத்த பாகங்களில் தயாரிப்பாளர்கள் எங்கே திரும்பினார்கள் என்பதைக் கவனிக்கலாம். இரண்டாம், மூன்றாம் பாகங்களின் வில்லன் ஒரு கிழக்கிந்திய வணிகக் கம்பெனி. 2007இன் ‘அட் வேர்ல்ட்ஸ் எண்ட்’, குடிமை உரிமைகள் எல்லாம் ரத்து என்று அதிகாரி ஒருவர் வாசிக்க, ஒரு சிறுவன் உட்பட வரிசையாகப் பலரைத் தூக்கிலிடும் காட்சியோடு தொடங்குகிறது. ஸ்பாரோவைத் தொடர்ந்து காதலிக்க, மறுபடியும் சட்டத்தைக் கெட்டவனாக்க வேண்டியிருந்தது.

‘கேப்டன் பிளட்’டின் முடிவுக் காட்சியில் பீட்டர் பிளட் ஜமைக்காவின் ஆளுநர் நாற்காலியில் உட்காருகிறார். மிகையாகத் தோன்றும், ஆனால் அதற்கும் நிஜ முன்மாதிரி உண்டு. 1671இல் பனாமாவைச் சூறையாடிய ஹென்றி மார்கனுக்கு 1674இல் வீரப் பட்டம் கிடைத்தது. ஜமைக்காவின் துணை ஆளுநராகத் திரும்பி வந்தார். எக்ஸ்குவெமெலினின் நூல் 1684இல் ஆங்கிலத்தில் வெளியானபோது மார்கன் பதிப்பாளர்கள்மீது அவதூறு வழக்குப் போட்டு, இழப்பீடு பெற்றார். அவர்கள் அச்சிட வேண்டிவந்த மறுப்பில் ஒரு திருத்தம் முக்கிய இடம் பிடித்தது: சர் ஹென்றி மார்கன் நல்ல குடியில் பிறந்தவர், யாரிடமும் ஒருநாளும் ஒப்பந்த வேலையாளாக இருந்ததில்லை.